இண்டிஜென்ட் அப்பாவும் இரண்டு ஏக்கரும்

போன மாதம் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்திருந்தார். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். பி.இ. மெக்கானிக்கல். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். 'பையன் ரொம்ப நொந்து போயிருக்கான், கொஞ்சம் பேசிப் பாருங்களேன்' என்று நண்பர் ஒருவர் அனுப்பி வைத்திருந்தார்.

கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. அட்டை கிழிந்து செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. வாங்கிப் பிரித்தேன். இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம், நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு. அபேஸ், அபேட், அபெரன்ட், அப்ஜூர் என்று ஆரம்பித்துப் போய்க்கொண்டே இருக்கிறது.

'மொத்தம் எவ்வளவு தம்பி?'

'ஆயிரத்து எண்ணூறு சார். எல்லாம் மனப்பாடம். எதை வேணும்னாலும் கேளுங்க.'

கேட்டேன். லகோனிக்? 'சுருக்கமாகப் பேசுகிற.' கேரலஸ்? 'வளவளவென்று பேசுகிற.' அப்ஸ்டீமியஸ்? 'உணவிலும் குடியிலும் கட்டுப்பாடு உள்ள.' ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. பதில் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார், பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

விஷயம் என்னவென்றால், சென்னையில் ஒரு கம்பெனி. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, சகஜமாக இருக்கட்டுமே என்று முதலில் கேட்ட கேள்வி, 'அப்பா என்ன செய்கிறார்?' இவர் சொன்ன பதில்: 'மை ஃபாதர் இஸ் அன் இண்டிஜென்ட் அக்ரிகல்ச்சரிஸ்ட்.'

எதிரே மூன்று பேர். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூன்றாமவர், 'யூ மீன் இண்டிஜினஸ்?' என்றாராம். அதாவது சுதேசி அப்பாவா என்று. அதற்கும் ஒரு சிரிப்பு. அப்புறம் அரை மணி நேரம் என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று தம்பிக்கு நினைவில்லை. வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'இண்டிஜென்ட்னா ஏழைதானே சார்? நான் தப்பா சொல்லிட்டேனா?'

தப்பே இல்லை. அகராதிப்படி நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த வார்த்தை உயிரோடு நடமாடுகிற இடம் வேறு. கோர்ட் ஃபீஸ் கட்ட வழியில்லாதவர் வழக்குப் போடுவதற்கு நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 33-வது ஆணை என்று ஒன்று உண்டு. அதில் 'பாப்பர்' என்று இருந்ததை 1976-ல் திருத்தி 'இண்டிஜென்ட் பர்சன்' என்று மாற்றினார்கள். ஆக, இந்தப் பிள்ளை இன்டர்வியூவில் தன் அப்பாவை அறிமுகப்படுத்தவில்லை. அவர் சார்பில் மனு தாக்கல் செய்துவிட்டு வந்திருக்கிறது.

'அப்பாவுக்கு நிலம் எவ்வளவு?' என்று கேட்டேன்.

'ரெண்டு ஏக்கர் சார். மானாவாரி. மல்லாட்டை போடுவாரு. மழை பேஞ்சா உண்டு. இல்லேன்னா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடுவாரு.'

என்ன அழகாகச் சொன்னார் பாருங்கள். ஐந்தே வாக்கியம். ஒரு மனிதர், அவருடைய மண், வானம் பொய்த்தால் அவர் ஏறுகிற பஸ், எல்லாம் வந்துவிட்டது. 'இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க' என்றேன். முழித்தார். இதற்கு வேண்டிய வார்த்தைகள் லேண்ட், ரெயின், கிரவுண்ட்நட், கோ, ஒர்க். ஆறாம் வகுப்பிலிருந்து தெரிந்த வார்த்தைகள். 1,800 வார்த்தை மனப்பாடம் செய்தவரால் அப்பாவின் இரண்டு ஏக்கரைச் சொல்ல முடியவில்லை.

அவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது யார்? இந்த வாரம் என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நானும் நோட்டுப் போட்டவன்தான். என் காலத்தில் அது அரை குயர் நோட்டு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று சபதம். 'ப்ளீதோரா' என்றால் 'நிறைய' என்று எழுதி வைத்திருந்தேன். நண்பன் கல்யாணத்தில், அவனுடைய மாமனார் இங்கிலீஷ் பேசுகிறவர் என்று கேள்விப்பட்டுப் பக்கத்தில் போய், 'யூ ஹேவ் எ ப்ளீதோரா ஆஃப் ரிலேட்டிவ்ஸ்' என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் முறைத்த முறைப்பு இருக்கிறதே. ப்ளீதோரா என்றால் வெறும் 'நிறைய' இல்லை, தேவைக்கு மேல், திகட்டுகிற அளவுக்கு என்ற வாடை அதில் உண்டு என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பந்திக்குக் காசு கொடுக்கிறவரிடம் போய் 'உங்களுக்குச் சொந்தக்காரங்க தொல்லை ஜாஸ்தி போல' என்று விசாரித்திருக்கிறேன். சாப்பிட விட்டதே பெரிசு.

'இந்த வார்த்தைக்கு இது அர்த்தம்' என்று நடுவில் ஒரு சிவப்புக் கோடு போடுகிறோமே, அந்தக் கோடுதான் பொய். தமிழிலேயே பாருங்களேன். ஒல்லி, மெலிந்த, ஒடிசலான, நோஞ்சான். ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கற்றுக்கொள்ள வந்து நோட்டுப் போட்டால் நாலுக்கும் ஒரே அர்த்தம்தான் எழுதுவார். ஆனால் பெண் பார்த்துவிட்டு வந்து 'பொண்ணு ஒடிசலா இருக்கா' என்றால் அடுத்தது நிச்சயதார்த்தம். 'நோஞ்சானா இருக்கா' என்றால் அடுத்தது வேறு வரன். ஒரே அர்த்தமாம்!

யானைக்குக் களிறு, வேழம், கரி என்று எத்தனை பெயர். இதையெல்லாம் படித்துவிட்டுக் கோயில் வாசலில் நின்று 'அதோ வேழம் வருகிறது, வாழைப்பழம் கொடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் பாகனே யானையை விட்டு இறங்கிப் பார்ப்பான். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் நம் பிள்ளைகளும் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள்தான். 'நெட்டுரு தமிழனுக்குப் புதுசா?' என்று யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நிகண்டு பாட்டாக இருந்தது. அதைப் படித்தவன் அடுத்தபடியாகப் போய் நின்றது இலக்கியத்தின் வாசலில். சாவி கொடுத்தார்கள், வீடும் இருந்தது. நம் லாங் சைஸ் நோட்டுக்காரருக்கு 1,800 சாவிகள் கொடுத்திருக்கிறார்கள். வீடு எங்கே? இதுவரை முழுசாகப் படித்த இங்கிலீஷ் புத்தகம் என்ன என்று கேட்டேன். பாடப்புத்தகம் தவிர எதுவும் இல்லை என்றார்.

வார்த்தை தனியாக வாழ்வதில்லை. அதற்குச் சேர்க்கை முக்கியம். நாம் பல் துலக்குகிறோம், தலை வாருகிறோம், முகம் கழுவுகிறோம். பல்லை வாருவதில்லை. பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. தூக்கம் எடுக்கிறது என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. காதில் விழுந்து விழுந்து படிந்தது. இங்கிலீஷும் அப்படியே. டீ 'ஸ்ட்ராங்'காக இருக்கலாம், 'பவர்ஃபுல்'லாக இருக்க முடியாது. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. இதற்கு இலக்கண விதி கிடையாது. பட்டியலில் 'ஸ்ட்ராங்' என்றாலும் 'பவர்ஃபுல்' என்றாலும் பலமான என்றுதான் போட்டிருக்கும். டீக்கடையில் நின்றவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, இந்தக் கடினமான வார்த்தை வியாபாரம் நம் ஊரில் ஆரம்பித்ததா? இல்லை. வெள்ளைக்காரன் ஊரிலேயே 400 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. 1604-ல் லண்டனில் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் ஓர் அகராதி போட்டார். இங்கிலீஷ் வார்த்தைக்கு இங்கிலீஷிலேயே அர்த்தம் சொன்ன முதல் அகராதி என்று அதைத்தான் சொல்வார்கள். அதில் நாய், பூனை, தண்ணீர் எதுவும் கிடையாது. சுமார் 2,500 வார்த்தைகள், அத்தனையும் கடின வார்த்தைகள். சீமாட்டிகளுக்கும் மற்ற விவரம் போதாதவர்களுக்கும் உதவும் என்று முகப்புப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார். 'உனக்கு விவரம் போதாது, இதை வாங்கு' என்பதுதான் அன்றைக்கும் விளம்பரம்.

அந்த வார்த்தைகள் கடினமானதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1066-ல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையில் பிரெஞ்சு, கொட்டிலில் இங்கிலீஷ். மாட்டை மேய்த்தவன் 'கவ்' என்றான். வெந்து தட்டுக்கு வந்ததும் சாப்பிட்டவன் 'பீஃப்' என்றான். அப்புறம் பண்டிதர்கள் லத்தீனையும் கிரேக்கத்தையும் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். இப்படித்தான் கேட்பதற்கு 'ஆஸ்க்' என்று குடியானவன் வார்த்தை, 'கொஸ்டின்' என்று துரை வார்த்தை, 'இன்டராகேட்' என்று பண்டித வார்த்தை. நமக்கு இது புரியாத விஷயமா என்ன? சோறு, சாதம், ரைஸ். வட்டிலில் இருப்பது ஒன்றுதான். யார் வீட்டில் எந்த வார்த்தை என்பதை வைத்து ஆளை எடை போடுகிற கலையில் நாம் நார்மன்களுக்கே பாடம் எடுப்போம்.

ஆக, கடின வார்த்தை என்பது பெரும்பாலும் அறிவின் அடையாளமில்லை. பந்தியில் எந்த வரிசையில் உட்கார்ந்தாய் என்பதன் அடையாளம். இதைத்தான் 'அட்வான்ஸ்டு வொகாபுலரி' என்று பெயர் வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, விழுப்புரத்துப் பையனுக்கு விற்கிறார்கள். அவனும் வாங்குகிறான். ஏனென்றால் அவனை மட்டம் தட்டியவர்கள் எல்லாம் இங்கிலீஷில் தட்டியிருக்கிறார்கள். நமக்குப் புரியாத வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று அவன் நினைத்ததில் தப்பென்ன?

ஸ்பிரிங் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றையும் தம்பி காட்டினார். எந்தப் பயிற்சி மையம் என்று சொல்லப் போவதில்லை. ஊருக்கு ஒன்று இருக்கிறது. அதில் பாதி, அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கென்று பாரன்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் போட்ட 3,500 வார்த்தைப் பட்டியலிலிருந்து உருவியது. நார்மன் லூயிஸ் பெயரும் ஓரத்தில் இருக்கிறது. பாவம் அந்த மனுஷன். 1949-ல் வந்த அவருடைய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' நல்ல புத்தகம். வார்த்தையின் வேர் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று ஆளை உட்கார வைத்துப் பேசுவார். நம் ஆட்கள் பேச்சையெல்லாம் கத்தரித்துவிட்டுப் பட்டியலை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள். மாம்பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொட்டையை நக்கச் சொன்ன கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டியலைப் பிரபலமாக்கிய தேர்வுகளே திருந்திவிட்டன. வெறும் எதிர்ச்சொல் கேட்பதையும், இந்தச் சொல்லுக்கு அது என்றால் அந்தச் சொல்லுக்கு எது என்று கேட்பதையும் ஜி.ஆர்.இ. 2011-ல் கைவிட்டது. இப்போதும் வார்த்தைகள் கேட்கிறார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முழு வாக்கியத்தைக் கொடுத்து அதில் எது பொருந்தும் என்று கேட்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதுகிற எஸ்.ஏ.டி. தேர்வும் 2016-ல் அரிய வார்த்தைகளைத் தோண்டி எடுத்துக் கேட்கிற பழக்கத்தை விட்டது.

நாம் விட்டோமா? மத்திய அரசு வேலைகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்துகிற தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருள் தரும் சொல், எதிர்ப்பொருள் தரும் சொல், ஒரு முழுத் தொடருக்கு ஒற்றைச் சொல் என்று கேள்விகள் இன்னும் ஜாம் ஜாமென்று வருகின்றன. மனித குலத்தையே வெறுப்பவனுக்கு ஒரே வார்த்தை என்ன? 'மிசான்த்ரோப்.' இது தெரிந்தால்தான் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கும் என்பது ஒரு வகையில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் எழுத வேண்டியது, 'உங்கள் மனு கிடைத்தது, இன்ன காகிதம் குறைகிறது, இன்ன தேதிக்குள் கொண்டு வாருங்கள்' என்பது மட்டும். இந்த மூன்று வரியைப் புரிகிற மாதிரி எழுதத் தெரியுமா என்று எந்தத் தேர்வாவது கேட்கட்டுமே. அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டமே போட்டார்கள், மத்திய அரசு அலுவலகங்கள் ஜனங்களுக்குப் புரிகிற எளிய மொழியில் எழுத வேண்டும் என்று. நாம் மிசான்த்ரோப் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு வாசகர் பேனாவைத் திறந்துவிட்டார், தெரிகிறது. 'வார்த்தை தெரியாமல் எப்படி ஐயா மொழி வரும்? ஏழைப் பிள்ளைகளுக்கு எளிய இங்கிலீஷ் போதும் என்கிறீர்களா? உம் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தானா?'

நியாயமான கேள்வி. வார்த்தை வேண்டும். நிறைய வேண்டும். எத்தனை என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்குப்படி, இங்கிலீஷ் நாவலையோ செய்தித்தாளையோ பிறர் உதவியில்லாமல் படிக்க எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிய வேண்டும். (ஹேப்பி, அன்ஹேப்பி, ஹேப்பினஸ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்.) தம்பியின் 1,800-ஐ விட இது எவ்வளவோ பெரிசு. நான் குறைத்துக் கேட்கவில்லை சார், கூட்டித்தான் கேட்கிறேன். ஆனால் எந்த வழியாக, எந்த வரிசையில் என்பதில்தான் சண்டை.

மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு வெள்ளைக்காரர். 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளத்துக் கிராமப் பிள்ளைகள் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவதைப் பார்த்தார். நிற்பதற்குள் கையில் என்ன கொடுத்து அனுப்பலாம் என்று யோசித்தார். கொஞ்சமாவது படிக்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் அதுவே பிழைத்துக்கொள்ளும் என்று முடிவுக்கு வந்தார். பாடக் கதைகளில் இலக்கிய வாடை அடித்த பழைய வார்த்தைகளை எடுத்துவிட்டுப் புழக்கத்தில் இருக்கும் வார்த்தைகளைப் போட்டார். ஒரு பக்கத்தில் புது வார்த்தை இத்தனைக்கு மேல் வரக்கூடாது, வந்த வார்த்தை திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று கணக்கு வைத்துக் கதைகளைத் திருத்தி எழுதினார். பிற்பாடு 1953-ல் அவர் தொகுத்து வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரண இங்கிலீஷ் எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். இதுவும் பட்டியல்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அடியிலிருந்து கட்டிய பட்டியல். நம்முடையது மொட்டை மாடியிலிருந்து கீழே தொங்குகிற பட்டியல். நூறு வருஷத்துக்கு முன் டாக்காவில் ஒருவருக்குப் புரிந்தது இன்றைக்கு நம் பயிற்சி மையங்களுக்குப் புரியவில்லை. புரிந்தால் ஜெராக்ஸ் விற்காது.

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் 1885-ல் ஞாபகசக்தியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அர்த்தமே இல்லாத அசைகளை உருவாக்கி, தானே உருப்போட்டு, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. எங்கேயும் சந்திக்காத, இனியும் சந்திக்கப் போகாத வார்த்தையை உருப்போடுகிற நம் பிள்ளைகள் செய்வதும் அதே சோதனைதான். ஒரு வித்தியாசம், எபிங்ஹாஸுக்குத் தான் படிப்பது அர்த்தமில்லாதது என்று தெரியும்.

நிஜமாகவே 'அட்வான்ஸ்டு' இங்கிலீஷ் எது தெரியுமா? சின்ன வார்த்தைகள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு எந்த வார்த்தைக்கு? 'செட்'. மூன்றே எழுத்து. பிறகு திருத்தியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 600-க்கு மேல் அர்த்தம் போட்டிருக்கிறார்கள். மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், எலெக்ஷனில் நின்றாலும் ரன். 'புட்'டோடு 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப் போடு. 'அவுட்' சேர்ந்தால் அணை. 'அப் வித்' சேர்ந்தால் சகித்துக்கொள். 'போஸ்ட்போன்' நம் பையனுக்குத் தெரியும், 'புட் ஆஃப்' தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த முதல் மாதம். மேலதிகாரி, 'கால் ஆஃப் தி மீட்டிங்' என்றாராம். கூட்டத்தை ரத்து செய் என்று அர்த்தம். இவள் 'கால்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டு மீட்டிங்குக்கு வரவழைத்துவிட்டாள். அவளிடமும் ஒரு நோட்டு இருந்தது. அதில் 'அப்ரோகேட்' என்ற வார்த்தை இருந்தது. அதற்கும் ரத்து செய் என்றுதான் அர்த்தம்!

சசி தரூரைக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2017-ல் ஒரு டி.வி. சேனலைத் திட்டி ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு வார்த்தை போட்டார், தேசமே அகராதியைப் புரட்டியது. அடுத்த வருஷம் தன் புத்தகத்தை அறிவிக்கும்போது 29 எழுத்தில் ஒரு வார்த்தை போட்டார். அது தமிழில் ஒரு வரியை அடைக்கும், ஆகவே விட்டுவிடுகிறேன். 2020-ல் அபூர்வ வார்த்தைகளுக்கென்றே ஒரு புத்தகமும் போட்டுவிட்டார். அவருக்கு அது அழகு. சின்ன வயதிலிருந்து புத்தகத்துக்குள் கிடந்தவர், வார்த்தை வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டவர் ஏப்பம் விடுகிறார். அதைப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கிறவனுக்கு ஏப்பம் விடப் பயிற்சி கொடுப்பது என்ன நியாயம்?

பெரிய வார்த்தை போட்டால் மதிப்பு கூடும் என்பதாவது உண்மையா? டேனியல் ஆப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் 2006-ல் சோதித்துப் பார்த்தார். ஒரே கட்டுரை, ஒன்றில் சாதாரண வார்த்தைகள், இன்னொன்றில் அதே இடங்களில் பெரிய வார்த்தைகள். படித்தவர்கள் பெரிய வார்த்தை போட்டவரைத்தான் அறிவு கம்மி என்று மதிப்பிட்டார்கள். ஆய்வறிக்கையின் தலைப்பை மட்டும் வேண்டுமென்றே வாயில் நுழையாத வார்த்தைகளால் கட்டியிருந்தார், குசும்பு. அதற்குச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

போதாததற்கு 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வந்துவிட்டது. இப்போது அரைப் பக்கம் கடின வார்த்தை வேண்டுமென்றால் போனில் கேட்டால் கொட்டுகிறது, காசில்லாமல். முன்பெல்லாம் பெரிய வார்த்தையைப் பார்த்தால் 'பாவம், கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கான்' என்றாவது தோன்றும். இப்போது 'இவன் கஷ்டமே படலை' என்று தோன்றுகிறது. சந்தையில் விலை அடியோடு சரிந்த சரக்கை, விலை சரிந்தது தெரியாத ஒரே ஆளின் தலையில் கட்டுகிறார்கள்.

தம்பியிடம் வருகிறேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவைப் பற்றி இங்கிலீஷில் பத்து வாக்கியம், ஆறாம் வகுப்பு வார்த்தைகளில் மட்டும். முதல் வாக்கியத்துக்கு இருபது நிமிஷம் ஆனது. 'மை ஃபாதர் ஹேஸ் டூ ஏக்கர்ஸ்.' அப்புறம், 'ஹி வெய்ட்ஸ் ஃபார் தி ரெயின்.' ஏழாவது வாக்கியத்தில் பெங்களூர் வந்தது. 'ஹி பில்ட்ஸ் ஹவுசஸ் தேர். அவர் ஹவுஸ் இஸ் நாட் ஃபினிஷ்ட்.' சொல்லிவிட்டு அவரே என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவரிடம் இரண்டு குழந்தைகள் கதைப் புத்தகம் கொடுத்தேன். 'இதெல்லாம் சின்னப் பசங்க படிக்கறதில்ல சார்?' என்றார். ஆமாம் என்றேன். வாங்கிக்கொண்டார், அரை மனசாக. லாங் சைஸ் நோட்டை விட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கதைப் புத்தகத்தில் ஒன்றை முடித்துவிட்டாராம், நல்லா இருந்ததாம். சந்தோஷமாக இருந்தது.

'அப்புறம் சார், எஸ்.எஸ்.சி.க்கு அப்ளை பண்ணியிருக்கேன். மனுஷங்களையே வெறுக்கறவனுக்கு ஒரு வார்த்தை இருக்காமே, கட்டாயம் படிச்சுக்கச் சொல்றாங்க. நோட்டுல அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு. ஸ்பெல்லிங் கொஞ்சம் சொல்லுங்க சார்.'

சொன்னேன். எழுத்து எழுத்தாக, இரண்டு தடவை.